முப்பத்திரண்டு மில்லி

பேச்சிமுத்து இருமி முடித்துச் சளிக் குவளையை எட்டிப் பார்த்தார். சளி முப்பதாம் கோட்டைத் தொடவில்லை. முப்பதுக்குக் கீழே வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “கோட்டுக்குக் கீழதான் இருக்கு, நல்லாப் பாரு பிள்ள” என்றார். நர்சிங் மாணவி ஜெபக்கனி குவளையைக் கையிலெடுத்துக் குனிந்தாள். பச்சையும் மஞ்சளுமாகச் சளி கட்டிக் கிடந்தது. செத்த எலி நாற்றம். இரவெல்லாம் வார்டு, பகலெல்லாம் வகுப்பு என்று ஐந்து நாளாயிற்று. விடுதியில் சலவை விரிப்பில் புரண்டு புரண்டு படுத்தாலும் வராத சனியன் பிடித்த தூக்கம், போயும் போயும் இந்த நாற்றத்தின்மேல் வந்து கண்ணைச் செருகியது. திடுக்கிட்டு விழித்தபோது, அவள் உதட்டிலிருந்து எச்சில் நூல்போல அறுபடாமல் குவளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வார்டு சிஸ்டர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டாள். “முப்பத்திரண்டாடீ? குறையலையே. இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும்.” எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள். அது என்னுடைய எச்சில் என்று சொல்ல ஜெபக்கனிக்கு நாக்கு எழவில்லை. பேச்சிமுத்து குவளையைப் பார்த்தார். அவள் தாடையைப் பார்த்தார். பத்து நாள் சளி காய்ந்து விறைத்திருந்த துண்டைத் தோளிலிருந்து உருவி நீட்டினார். “தொடச்சுக்க தாயி. இன்னும் வடியுது.” அவர் வாயைத் துடைத்த பக்கம் எது என்று பார்க்காமலேயே அவள் அதை வாங்கித் துடைத்துக்கொண்டாள்.