கண்ணாடி முன்னால் தம்பி மகள்

இப்போதெல்லாம் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு காற்றோடு கையாட்டிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். எதிரில் வருகிற மனிதனை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. தம்பி மகளும் அந்த ரகம்தான் என்று நினைத்து அறை வாசலில் நிற்கிறேன். அவள் காதில் ஒன்றும் இல்லை. சாயங்கால வெயில் அலமாரிக் கண்ணாடியில் பட்டு அவள் விரல்களில் தெறிக்கிறது. பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய படம் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அதை அவள் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் இரண்டு கையாலும் எதையோ சொல்கிறாள், உதட்டைக் கடிக்கிறாள், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். மணிக்கட்டில் வலிக்குத் தடவிய தைலம் பளபளக்கிறது. “என்னடி, ஈ ஓட்டுறியா?” என்கிறேன். “காது கேக்காதவங்க கோர்ட்டுல சொல்றத ஜட்ஜுக்கு எடுத்துச் சொல்ற வேலை, பெரியப்பா. நாளைக்குப் பரீட்சை.” “தேறலைன்னா?” “அப்பா பாத்து வச்சிருக்க ஆபீஸ்ல போய் உக்காரணும். அதனாலதான் தேறப்போறேன்.” “கைய ஆட்டுறதுக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்?” கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, மெல்லக் கொண்டுவந்து சேர்க்கிறாள். கையாலேயே கதவைச் சாத்தச் சொல்கிறாள். சாத்திவிட்டு நடக்கிறேன். இந்தக் கையாட்டமெல்லாம் எவனுக்குப் புரியப்போகிறது என்று இவள் பிழைக்கக் கிளம்புகிறாளோ.