கறுப்புப் பாணுக்கு எத்தனை மாக்ஸ்?

"இதுக்கு எத்தனப்பா?" என்று கேட்டாள் நிருஷா, பென்சிலைக் கொப்பியின் மேல் வைத்தபடி.

"முட்ட," என்றான் ஜீவராஜ், வாயில் கிடந்த ஒலிவ் காயைத் துப்பிவிட்டு. "வேப்பங்காய உப்புத்தண்ணியில ஊறப்போட்டு போத்தல்ல அடைச்ச மாதிரி இருக்கு. இதையும் சல்லி குடுத்து வாங்கித் திங்கிறாங்களே அந்த ஊரு ஆளுங்க!"

எட்டு வயது மகள் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்தாள்.

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் ஒரு வாரமாக நடக்கும் பரீட்சை இது. ருமேனியாவில் ஃபெக்டரி வேலை, இரண்டு வருட ஒப்பந்தம் என்று விசா வந்த நாளிலிருந்து ஜீவராஜின் மனதை அரித்த கேள்வி ஒன்றுதான். அங்கே என்னத்தைத் தின்று உயிர் வாழ்வது? பேலியகொடை மீன் மார்க்கெட்டில் வேலை முடிந்ததும் குளித்துவிட்டு, பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போவான். காலி வீதியில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடையில் தினம் ஒரு போத்தலோ பாக்கெட்டோ வாங்குவான். ருமேனியாச் சாமான் அங்கே கிடையாது. "பக்கத்து நாட்டுச் சாமான் இருக்கு தம்பி, எல்லாம் ஒரே டேஸ்ட்தான்" என்றார் கடைக்காரர். அதை நம்பி, துருக்கி, கிரீஸ், போலந்து, ஜெர்மனி என்று பாதி ஐரோப்பாவை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

எதுவும் தேறவில்லை. சீஸ், செருப்புக் கடை வாசம் என்று தள்ளுபடியானது.

"ஒரு வாரத்துல நீங்க மாக்ஸ் போட்டது ஒண்ணே ஒண்ணுக்குத்தான்," என்றாள் அவன் மனைவி சுபாஷினி, சூட்கேஸின் சிப்பை இழுத்து மூடியபடி. "அந்தத் துருக்கி மிட்டாய்க்கு. அதுவும் பத்துக்கு மூணு."

"பல்லுல ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சே! மூணே கூட."

அவள் எழுந்து வந்து ஒரு ஒலிவ் காயை வாயில் போட்டு மென்றாள். முகம் சுளிக்கவில்லை. "உப்பு கொஞ்சம் தூக்கல். வேற ஒண்ணுமில்ல. பழகிட்டா சரியாயிரும்."

"பழகிட்டா சரி, பழகிட்டா சரி! எதுக்குப் பழகணும்ங்கிறேன்?"

அவனுடைய கோபமெல்லாம் ஒலிவ் காய் மேல் இல்லை. வாசலில் நிமிர்ந்து நின்ற அந்தச் சூட்கேஸின் மேல்தான். ஆறு மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வேன் வந்துவிடும். இப்போதே ஐந்து இருபது.

அடுத்து போலந்துக்காரர்களின் புளிச்ச கோவா, முட்டைக்கோஸ் ஊறுகாய். மூடியைத் திறந்ததும் நிருஷா மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் ஏறிவிட்டாள்.

"மீன் மார்க்கெட்ல பத்து வருசம் நின்ன மூக்கு இது. இதுக்கே தாங்கல," என்றான் ஜீவராஜ். "அந்தக் குளிருல வேல செஞ்சுட்டு வந்து, இதத் தின்னுட்டு ஒண்டியா படுக்கணுமா? என்னா ஏதுன்னு கேக்க ஆளில்லாம?"

"ஹொஸ்டல்ல நம்ம நாட்டு ஆளுங்க பத்துப் பேரு இருக்காங்களாம். சேந்து சோறாக்கிக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாருல்ல?"

"அவன் சொல்லுவான். அவனா திங்கப் போறான்?"

"அத விடுங்க. பருப்பு எப்படி வைக்கிறது, சொல்லுங்க பாப்போம்."

ஒரு மாதமாக அவனுக்குச் சமையல் பாடம் நடக்கிறது. ஜீவராஜ் எழுந்து நிற்காத குறையாக ஒப்பித்தான். "பருப்பக் கழுவி, மஞ்சள், வெங்காயம், பச்சமொளகா போட்டு வேக விடணும். வெந்த பொறகு தேங்காப்பால் ஊத்தணும். பொறகு தாளிக்கணும்."

"உப்பு?"

அவன் விழித்தான்.

"நல்லா இருக்கு! ரெண்டு வருசமும் சப்புன்னு திங்க வேண்டியதுதான்." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கடைசியாக ஜெர்மனிப் பாண். ரொட்டி நல்ல கறுப்பு, செங்கல் கனம். ஒரு துண்டைப் பிய்த்துப் போட்டு நெடுநேரம் மென்றான்.

"எத்தனப்பா?"

"முட்ட. இதப் பாண்னு சொன்னவனுக்கும் சேத்து ஒரு முட்ட போடு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சுபா, இன்னும் நேரமிருக்கு. ஏஜென்டுக்கு ஒரு கோல் எடுத்தா முடிஞ்சிது."

"எடுத்து என்னான்னு சொல்றது? பாண் கறுப்பா இருக்குன்னா?"

மகள் படிக்க ஒரு மேசை போடவாவது இடமுள்ள வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. அவளும் ஒரு துண்டுப் பாணை எடுத்து மெதுவாக மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

தெருமுனையில் ஹோர்ன் சத்தம் கேட்டது.

சந்துக்குள் வேன் வராது. ஜீவராஜ் சூட்கேஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். நிருஷா கொப்பியும் கையுமாகப் பின்னால் ஓடி வந்தாள். வேனில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். சூட்கேஸை உள்ளே வைத்துவிட்டு, அவன் இறங்கி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

சுபாஷினி வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுடைய பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் மடியில் இருந்தன.

வேன் நகரத் தொடங்கியதும், அவள் காதில் விழ வேண்டுமென்று ஜீவராஜ் உரக்கவே சொன்னான்: "நிரு, அந்தக் கறுப்புப் பாணுக்கு அப்பா தப்பா மாக்ஸ் சொல்லிட்டேன். அழிச்சிட்டு பத்துக்கு எட்டுன்னு போடும்மா."