மாமா கட்டிய வண்டி

"புதுசா ஒண்ணும் வாங்க வேண்டாம். மாமாவோட பழைய சைக்கிள் சும்மாதானே நிக்குது? அதுலயே மோட்டாரை மாட்டி அவரே கட்டிக்கட்டும்."

மருமகள் இப்படிச் சொன்னதும் மாமனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

மகன் அப்போதுதான், "மேட்டுத்தெரு ஏற முடியலைன்னு சொல்றீங்களேப்பா, நல்ல பேட்டரி சைக்கிளா ஒண்ணு வாங்கிடலாம்" என்று சொல்லி முடித்திருந்தான்.

"ஏம்மா, என் கை இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியாதா?" என்று வலது கையை நீட்டினார்.

குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த கை. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. சட்டைப் பட்டன்கூட மகன்தான் போட்டுவிடுகிறான். 'பழக்கிக்கிட்டே இருங்க, விட்டா இப்படியே விறைச்சுப் போயிடும்' என்று டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை, 'நான் என்ன பச்சைக் குழந்தையா?' என்று ஜன்னல் வழியே வீசிவிட்டார்.

"தெரியும் மாமா. மெதுவாக் கட்டுங்க. யாரு விரட்டுறா?"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கல்யாண போட்டோவில் தன்னை ஓரத்தில் நிறுத்திய தங்கை புருஷனோடு இன்றுவரை பேசாதவர் அவர். கோபத்தை வாடாமல் வதங்காமல் வைத்திருப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். நேராக எதிர்வீட்டுக்குப் போனார்.

"கல்நெஞ்சக்காரி! கை ஒடிஞ்ச கிழவனை ஸ்பேனர் பிடிக்கச் சொல்றா. ஆயுசு பூரா லிப்டுல பட்டன் அமுக்கினவன் நான். மோட்டாரைப் பத்தி எனக்கு என்னய்யா தெரியும்?"

"அப்ப கட்டாதீங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"கட்டுவேன்! கட்டி முடிச்சு அவ மூக்கை உடைக்கிறேனா இல்லையா பாரு!"

மோட்டார் வைத்த பின்சக்கரமும் பேட்டரியும் ஒரு கட்டு ஒயரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வாசல் பக்கம் உட்கார்ந்து ஆரம்பித்தார். ஸ்பேனர் நழுவி விழுந்தது. எடுத்தார். திரும்ப விழுந்தது. ஒரு நட்டு உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது.

தையல் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். "பெஞ்சுக்கு அடியில கிடக்கு மாமா" என்றாள். குனியவில்லை. போய்விட்டாள்.

'குனிஞ்சா இடுப்பு ஒடிஞ்சிடுமாக்கும்!' அந்தக் கோபத்திலேயே நட்டை எடுத்து முறுக்கினார். அவளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே செயினை மாட்டினார். வசவு தீர்ந்தபாடில்லை, வேலையும் நின்றபாடில்லை.

ஒருநாள் எல்லாம் பொருத்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பிடியைத் திருகினார். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது.

"பாருங்க மாமா, வண்டிகூட உங்களை மாதிரியே கோவிச்சுக்கிட்டுப் போகுது" என்றாள் மருமகள்.

மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மோட்டாருக்குப் போகும் ஒயர்களில் இரண்டை மாற்றி மாட்டினார். மறுபடி திருகினார்.

சக்கரம் முன்பக்கம் சுழன்றது. சத்தமே இல்லை. கம்பிகள் எல்லாம் மறைந்து வெறும் வெளிச்ச வட்டமாக நின்றது. அவருக்குத் திறந்த வாய் மூடவில்லை. 'நானா? இதை நானா செஞ்சேன்?'

மறுநாள் காலை மேட்டுத்தெருவில் வண்டியை விட்டார். பெடலை மிதிக்கவே இல்லை. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல வண்டி ஏறியது. ஆயுசு பூரா ஊரையே ஏற்றி இறக்கிய மனுஷனை, அன்றைக்குத் தெருவே லிப்டாகித் தூக்கிக்கொண்டு போனது. இருபக்கத்து வீடுகளும் கீழே கீழே இறங்கின.

திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தது. சட்டென்று பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது.

அப்புறம்தான் பார்த்தார். பிடித்திருந்தது வலது கை. நாலு விரலும் முழுசாக மடங்கியிருந்தன. விரித்தார், மடக்கினார். விரித்தார், மடக்கினார். யாருடைய கையையோ பார்ப்பதுபோல நடுத்தெருவில் அப்படியே நின்றார்.

மேட்டு உச்சியில் சைக்கிள் கடை. விடுவாரா?

"என் மருமகளுக்கு உங்க கடையில ஒரு வண்டி வாங்க மனசு வரல சார். பாருங்க, நானே கட்டிட்டேன்!"

கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். "அட, நான் கொடுத்த மோட்டார்! தையல் கடை அம்மாவோட மாமனாரா நீங்க? நல்லபடியாக் கட்டி முடிச்சிட்டீங்களா! அப்ப உங்களுக்குன்னு உள்ள நிறுத்தியிருக்கிற புது வண்டியை வேற யாருக்காவது வித்துடலாம்."

"எனக்குன்னா? எந்த வண்டி?"

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மோட்டார் வாங்கின அன்னைக்கே உங்க மருமக அதையும் வாங்கி இங்க விட்டுட்டுப் போனாங்க. 'மாமாவால முடியாமப் போனா இதைக் கொடுங்க. ஆனா, நான் வாங்கினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. என் மேல கோபம் இருக்கிற வரைக்கும்தான் அவர் கை வேலை செய்யும்'னாங்க."