அவளும் போகிறாள்

"நீயும் அங்கதான் போறேன்னு கேள்விப்பட்டேன். என்கிட்ட மறைக்காத."

தலைமை நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. நரம்பியல் வார்டு வாசலில், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவளை மறித்து நின்றாள்.

வந்தவளை எல்லோரும் டார்ச் சிஸ்டர் என்பார்கள். அசந்து கிடக்கிற நோயாளியின் இமையை விலக்கி, சின்ன டார்ச்சை அடித்துப் பார்ப்பாள். தூக்கமா, மயக்கமா என்று தெரிந்துவிடும். அந்த அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே படித்த நர்ஸ் இப்போது அவள் ஒருத்திதான்.

"லீவுதானேக்கா கேட்டிருக்கேன்."

"முன்னாடி போனவங்களும் லீவுன்னுதான் ஆரம்பிச்சாங்க. அப்புறம் பாத்தா அந்தத் தனியார் ஆஸ்பத்திரி யூனிஃபார்ம்ல நிக்கறாங்க. போன வாரம் உன்னையும் அங்க பாத்ததா ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னாரு."

டார்ச் சிஸ்டர் வண்டியிலிருந்த மருந்து பாட்டில்களை நேராக்கினாள்.

"உன் வீட்டுக்காரர் வீட்டையே வித்துட்டாராமே. குடும்பத்தோட அந்தப் பக்கம் போறதா முடிவு பண்ணியாச்சா?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன். அவர் கேக்கல."

"இப்ப பழி அவர் மேலயா? ஆள் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது. பிரசவ வார்டுலேர்ந்து ஒருத்தியை அனுப்புவாங்க. அவ பழகறதுக்குள்ள வேற எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க. நீ வராத அன்னிக்கு தலையில அடிபட்டு வந்த லாரி டிரைவர் குறட்டை விட்டுத் தூங்கறாருன்னு புதுசா வந்தவ விட்டுட்டா. விடியறதுக்குள்ள போய்ட்டாரு. அவர் சம்சாரத்துக்கு நான்தான் பதில் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா போறே?"

உள்ளே யாரோ முனகினார்கள். டார்ச் சிஸ்டர் போய்ப் பார்த்தாள். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, கட்டில் கம்பிகளைப் பிடித்தபடியே திரும்பி வந்தாள்.

"சம்பளம் அங்க கூடத்தான், இல்லேங்கல," என்றாள் தலைமை நர்ஸ். "ஆனா இங்க கிடக்கறவங்களுக்கு வேற போக்கிடம் ஏது? உனக்குப் பதிலா ஒருத்தி வர்ற வரைக்குமாவது இரும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"யாரும் வர மாட்டாங்கக்கா. உங்களுக்கே தெரியும்."

தலைமை நர்ஸ் விடுப்புத் தாளை மருந்து வண்டியின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் தள்ளினாள்.

"போ. நீயும் போய் அவங்களோட சேர்ந்துக்க. இனிமே என் முகத்துல முழிக்காத."

டார்ச் சிஸ்டர் தாளை எடுத்துக்கொண்டாள். நகரவில்லை.

"அங்க சேரப்போறது நிஜம்தான்க்கா. வேலைக்கு இல்ல. தலைக்குள்ள கட்டி, நாளைக்கு ஆபரேஷன். முன்னாடியே சொல்லியிருந்தா, 'இங்கயே படு, நாங்க பாத்துக்கறோம்'னு பிடிச்சு வெச்சிருப்பீங்க..."

வார்டை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"இங்க படுத்தா, என்னைப் பாத்துக்க நான் இருக்க மாட்டேனேக்கா."