சாய்ந்த கையெழுத்து

லிஸ்பன் துறைமுகத்தில் ஆற்றுநீர் காலை வெயிலில் கண்ணைக் கூசச் செய்கிறது. போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் காலனியான அங்கோலாவின் போரிலிருந்து திரும்பிய கப்பல் சிப்பாய்களை இறக்கிக்கொண்டிருக்கிறது. எங்கு பார்த்தாலும் ஆடும் கைக்குட்டைகள், கூவல்கள், அழுகை. லுசிண்டா கையில் ஒரு ஆரஞ்சுப் பழத்துடன் நிற்கிறாள். போர்முனைக்குக் கடிதம் எழுதித் தைரியம் சொல்லும் ‘போர் ஞானத்தாய்’களில் ஒருத்தியாகப் பெயர் கொடுத்து, முகம் தெரியாத சிப்பாய் ஒருவனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியவள், இரண்டே வருடத்தில் அவன் அனுப்பிய புகைப்படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறவளாகிவிட்டாள். அந்தச் சிப்பாய் அபிலியோ இப்போது எதிரே வந்து நிற்கிறான், வலத்தோளில் கோட்டைப் போர்த்தியபடி. “லுசிண்டா... நீங்கதானே?” “கடுதாசில நீ, நேர்ல நீங்களா?” அவன் சிரிக்கவில்லை. கோட்டை மெல்ல விலக்குகிறான். சட்டையின் வலக்கை மடித்து ஊசி குத்தியிருக்கிறது; உள்ளே ஒன்றுமில்லை. “உன்கிட்ட மறைச்சுட்டேன். இப்படியே திரும்பிப் போனாலும் உன்மேல தப்பில்ல.” “ஆகஸ்ட்லேர்ந்து உன் எழுத்து எதிர்ப்பக்கமா சாய்ஞ்சுது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?” அவன் அருகில் நிற்கும் போலீஸைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறான். “அதுவும் நம்ம மண்ணுதான்னு சொல்லித்தான் அனுப்பினாங்க லுசிண்டா. ரெண்டு வருஷத்துல அங்க ஒரு வீட்டுலகூட என்னை உள்ள வா, உக்காருன்னு சொல்லல.” அவள் பழத்தை உரித்து ஒரு சுளையை அவன் வாயில் வைக்கிறாள். பிறகு இடப்பக்கமாகச் சுற்றி வந்து, மைக்கறை படிந்த அவன் விரல்களைக் கோத்துக்கொள்கிறாள். “எங்க வீட்டுல சொல்லுவாங்க. நட.”