நான்கு வரிசைத் தக்காளி

ஃபிஜித் தீவின் சிங்கடோகா பள்ளத்தாக்கிலேயே வேர்முடிச்சுப் புழுவை வென்ற முதல் மனிதர் ராம்சமுஜ். அப்படி அவரே சொல்லிக்கொண்டார்.

ஊர் ராமாயண மண்டலிக்குத் தலைவர். பதினெட்டு வருடமாகக் கறி, மீன் தொடாதவர். முந்தைய தலைவரின் பதவி ஒரு கல்யாண வீட்டுக் கோழிக்காலோடு போயிருந்தது.

புழுவை வென்றது சமையலறைக்குப் பின்னால் நான்கு வரிசைத் தக்காளியில் மட்டும். மற்ற வயல் வாடிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே சாணம்தான். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாராயணம் முடிந்ததும் மண்டலியே வந்து வரப்பில் நின்றது. பக்கத்து வயல் அபெனிசாவும் வந்தான். அவனுடைய கத்தரியில் பாதி செத்துவிட்டது. மீதி இந்த மாதம் தாங்காது.

"எல்லாம் பக்தியோட போட்ட சாணம்," என்றார் ராம்சமுஜ்.

அபெனிசா ஒரு செடியைப் பிடுங்கினான்.

வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. நூல் நூலாக வெள்ளை. நடுவில் ஒரு நண்டுக்கொடுக்கு தொங்கியது.

கையால் மண்ணைக் கிளறினான். நண்டு ஓடு. இன்னும் ஓடு.

"தலைவரே, உங்க மாடு நண்டு தின்னுமா?" என்றார் உபதலைவர் ஜக்தேவ்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"அண்ணே, சாணமா, நண்டா? உண்மையச் சொல்லுங்க, என் கத்தரி போகுது," என்றான் அபெனிசா.

ராம்சமுஜ் அந்த மண்ணையே பார்த்தார். மனைவி பூல்மதி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். சாயங்காலத்தில் முக்காடு நழுவ, இங்கேதான் மண்வெட்டியோடு குனிந்து நிற்பாள். நாய் இழுத்துப் போய்த் தெருவில் போட்டுவிடக் கூடாதென்று நண்டு ஓடுகளை இடித்து ஆழமாகப் புதைப்பாள். நிமிர்ந்து அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள்.

"நண்டுதான்டா. பூல்மதி கடலோரத்துப் பொண்ணு. அந்த ருசிய விட முடியல."

குரல் உடைந்தது. அதில் நடிப்பில்லை.

ஜக்தேவ் தொப்பியைக் கழற்றினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அபெனிசா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மீன் சந்தைப் பக்கம் ஓடினான்.

"நல்லா இடிச்சுப் போடுடா!" என்று கத்தினார் தலைவர்.

பூல்மதிக்கு நண்டு ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அவருக்குச் சமைத்துப் போடுவாள்.