கழிவை வாங்கிக்கொண்டவர்

ஆற்றில் விஷம் கலக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கே சீல் வைத்துவிட்டார்கள். காரணம், ஆற்றில் விஷம் கலந்தது.

சோதனை முடிந்த ரசாயனத்தைத் தொட்டியில் ஊற்றுவார்கள். கூடவே குழாயை முழுசாகத் திறந்துவிடுவார்கள். தண்ணீரோடு போனால் போயிற்று. அங்கே அதுதான் வழக்கம்.

பேராசிரியர் குதித்தார்.

"ஏம்மா, ஆத்தைக் காப்பாத்தறதே நாங்கதான். எங்களையே மூடறீங்களே?"

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பூட்டின் மேல் அரக்கை அழுத்தினார்.

"உங்க கழிவைச் சுத்தம் பண்ணித் தர்றோம்னு யாராவது ஒப்புக்கிட்டா, நாளைக்கே திறந்துடறேன் சார்."

"ஒரு டிரம் கழிவை எவன் வாங்குவான்? உள்ளே இந்த வெள்ளத்துல எடுத்த தண்ணி இருக்கு. இந்த வாரம் சோதிக்கலைன்னா கெட்டுப்போயிடும். அடுத்த வெள்ளத்துக்கு நான் எங்க போவேன்?"

"கெட்டுப்போனா அதையும் தொட்டியில ஊத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

காரில் ஏறியும் பேராசிரியர் அடங்கவில்லை.

"சட்டமாம் சட்டம். இப்படிச் செலவு வச்சா விஞ்ஞானம் எப்படி வளரும்?"

ஓட்டியவள் அவருடைய ஆய்வு மாணவி. தங்கை மகளும்கூட. அதனால் வாய் கொஞ்சம் நீளம்.

"இதையேதான் மாமா, ஆத்துல சாயம் கலக்குதுன்னு நீங்க புகார் கொடுத்தீங்களே, அந்தச் சாயப்பட்டறைக்காரர் விசாரணையில சொன்னார். இவ்வளவு செலவு வச்சா தொழில் எப்படி நடக்கும்னு."

"அதுக்கென்ன இப்போ?"

"'செலவு பார்க்கிறவன் எதுக்கு ஆத்தங்கரைக்கு வந்தே'ன்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அப்புறம் வீட்டை வித்துத்தான் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்."

"அவன் கதை வேற. அவன் லாபத்துக்கு நடத்தறவன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பெரிய மருத்துவமனையைக் கேட்டார். மருந்துத் தொழிற்சாலையைக் கேட்டார். கூடப் படித்தவர்கள் பலரைக் கேட்டார். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் கையை விரித்தார்கள்.

வாரம் முடிவதற்குள் அதிகாரியே வந்து பூட்டைத் திறந்தார். மூடி போட்ட டிரம்மில் கழிவு ஏறிப் போனது. வெள்ளத் தண்ணீர் பிழைத்தது.

பேராசிரியர் முகத்தில் பழைய களை.

"பார்த்தியா, நம்ம பேருக்கு ஒரு மரியாதை இருக்கு. ஒப்புக்கிட்டது யாரு? நாளைக்குப் பத்திரிகைப் பேட்டியில அவர் பேரைச் சொல்லிடறேன்."

"பேரெல்லாம் வேண்டாம்னுட்டார் மாமா."

"நீ போய்க் கேட்டியா?"

"எனக்கு ஏது அந்த முகம்? அவரே கூப்பிட்டார். 'எடுத்த தண்ணி வீணாகப் போகுதாமே, டிரம்மை அனுப்பும்மா'ன்னார். உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னார். சங்கடப்படுவீங்களாம்."

பேராசிரியருக்குக் காது சுட்டது. அதோடு விட்டிருக்கலாம். தெரிந்துகொண்டே கேட்டார்.

"யாரு?"

"சாயப்பட்டறைக்காரர்."